பாங்கிக் கணக்கும் பாவுக் கூலியும்

பணம் இல்லாதவரிடம், பணம் இல்லை என்ற குற்றத்திற்காகவே பணம் தண்டுவது எவ்வூர் நியாயம் என்று நெசவாள அங்கத்தினர் ஒருவர் அண்மையில் நம்மை வினவினார். ஆய்வுப் பணிக்காக அவருடைய சங்கத்திற்குச் சென்றிருந்தபோது, தம் பாஸ் புத்தகத்தை மேசைமீது விரித்து வைத்து அவர் கேட்ட கேள்வி இது. அவ்வமயம் நாம் ஏதோ சமாதானம் கூறி அனுப்பினோம். அந்தச் சமாதானம் நமக்கே மனநிறைவு அளிக்கவில்லை. கேள்வியோ அவர் ஒருவருடையதன்று. தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் நம் அங்கத்தினர் பெரும்பாலோருடையது. ஆதலின் அதற்குரிய விடையை இவ்விதழின் வாயிலாகக் கூற முற்படுகிறோம்.

ஒரு கணக்கின் வரலாறு

முதலில் அப்பாஸ் புத்தகம் கூறும் செய்தியைக் காண்போம். அவ்வங்கத்தினர் இருசக்கர வண்டி வாங்குவதற்காக ஒரு நிதி நிறுவனத்தில் கடன் பெற்றிருக்கிறார். மாதந்தோறும் 5ஆம் தேதி 1,850 ரூபாய் அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்பது ஏற்பாடு. குறிப்பிட்ட அம்மாதத்தில் 5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. அன்று கணக்கில் இருந்தது 1,610 ரூபாய். குறைவு 240 ரூபாய் மட்டுமே. அவர் சேலைகளைத் தறியிலிருந்து அறுத்துச் சங்கத்தில் ஒப்படைத்தது 2ஆம் தேதி. அதற்குரிய கூலி 4,200 ரூபாய் கணக்கில் வந்து சேர்ந்ததோ 9ஆம் தேதி.

இடைப்பட்ட நான்கு நாட்களில் நடந்தது யாது? பணம் போதவில்லையென்று தவணை திரும்பிற்று. திரும்பியதற்காகப் பாங்கி 500 ரூபாயும் அதன்மேல் 100க்கு 18 வீதம் சரக்கு சேவை வரியும் சேர்த்து 590 ரூபாய் பற்றெழுதியது. கடன் கொடுத்த நிறுவனம் 8ஆம் தேதி மீண்டும் ஒரு முறை தவணையைக் கேட்டனுப்பியது. முன்னைய தண்டத்தால் கணக்கு மேலும் இளைத்திருந்தமையால் அதுவும் திரும்பிற்று. மற்றுமொரு 590 ரூபாய் போயிற்று. நிதி நிறுவனம் தன் பங்குக்கு வரியுடன் 531 ரூபாய் விதித்தது. ஆகத் தண்டம் 1,711 ரூபாய். கூலியில் ஐந்தில் இரண்டு பங்கு! தவணை போக அவருடைய குடும்பத்திற்கு மிஞ்சவேண்டிய தொகை 3,960 ரூபாய். மிஞ்சியது 2,249 ரூபாய்.

240 ரூபாய் நான்கு நாட்களுக்குக் குறைந்தமைக்கு 1,711 ரூபாய் தண்டம். கந்துவட்டிக் கொடுமையைத் தடுக்கவென்று நம் மாநிலத்தில் 2003ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அச்சட்டத்திற்கு அஞ்சி ஒளிந்து தொழில் நடத்தும் மீட்டர் வட்டிக்காரரும் இவ்வளவு கேட்கத் துணியமாட்டார். இங்கே அது வட்டி என்ற பெயரால் வராமல் கட்டணம் என்ற பெயரால் வருகிறது. பெயர் மாறினும் சுமை மாறவில்லை.

மாதச் சம்பளக்காரருக்கு வகுத்த நாட்காட்டி

இதில் அந்நெசவாளர் செய்த பிழை என்ன? அவர் சூதாடவில்லை, வரவுக்கு மீறிச் செலவும் செய்யவில்லை. அவருடைய உழைப்பின் பயன் 2ஆம் தேதியே துணியாகச் சங்கத்தின் அலமாரியில் இருந்தது. அது பணமாக மாறிப் பாஸ் புத்தகத்தில் ஏறவில்லை, அவ்வளவே. குறைவு பணத்தில் இல்லை, நாளில் இருந்தது.

மாதத்தின் இறுதி நாளில் சம்பளம் பெறுவோருக்கு 5ஆம் தேதித் தவணை மிகவும் வசதியானது. பாங்கிகளின் விதிகளும் நிதி நிறுவனங்களின் தவணைகளும் அத்தகையோரை மனத்திற்கொண்டே வகுக்கப்பட்டவை. நெசவாளருக்கோ பாவு முடியும் நாளே மாதப் பிறப்பு. மழைக்காலத்தில் பாவு நனைந்தால் அந்த மாதம் நீளும். வீட்டில் ஒருவர் நோயுற்றால் மேலும் நீளும். விவசாயிக்கு அறுவடையே ஆண்டுப் பிறப்பு. இவ்விரு நாட்காட்டிகளும் ஒன்றோடொன்று பொருந்தாத இடைவெளியில் விழுவதே இந்தத் தண்டம்.

இவ்விடைவெளியை ஒரு நல்ல சீர்திருத்தமே சற்று அகலமாக்கியதும் உண்டு. தானியங்கித் தவணைகள் முன்பு பாங்கி வேலைநாட்களில் மட்டுமே எடுக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் வாரத்தின் எல்லா நாட்களிலும் எடுக்கப்படுகின்றன. ஞாயிற்றுக்கிழமையிலும் தவணை வந்து கதவைத் தட்டுகிறது. கூலிப் பட்டியலில் கையெழுத்திட வேண்டிய சங்கக் காரியதரிசியோ அன்று விடுமுறையில் இருக்கிறார்.

குறைந்தபட்ச இருப்பு

தவணை திரும்புவது ஒரு வகை. கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று பிடிக்கப்படும் தொகை மற்றொரு வகை. 2019-20 முதல் 2023-24 வரையிலான 5 ஆண்டுகளில் பொதுத்துறை பாங்கிகள் இவ்வகையில் வசூலித்த தொகை ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் என்று 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டபோது, நம் சகோதரிகளின் கணக்கில் வந்த 1,000 ரூபாயைக்கூடச் சில பாங்கிகள் இந்த நிலுவைக்கென்று பிடித்துக்கொண்டதாகப் புகார் எழுந்தது. அவ்வாறு செய்யலாகாது என்று மாநில நிதி அமைச்சரே அறிவிக்க வேண்டியதாயிற்று.

பாங்கியாரின் தரப்பையும் கேட்பதே முறை. ஒரு கணக்கைப் பேணுவதற்கு ஆட்செலவும் பொறிச்செலவும் உண்டு என்கின்றனர். உண்மையே. ஆனால் அச்செலவு எல்லாக் கணக்கிற்கும் உண்டு. லட்ச ரூபாய் வைத்திருப்பவரின் கணக்கை இலவசமாகப் பேணி, நூறு ரூபாய் வைத்திருப்பவரிடம் மட்டும் அதற்குரிய செலவைக் கேட்பது, மேட்டு நிலத்துக்காரரின் நீர்வரியைப் பள்ளத்து நிலத்துக்காரர் தலையில் கட்டுவது போன்றதாகும்.

இதனைப் பாங்கிகளிற் பலவும் உணரத் தலைப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஸ்டேட் பாங்கி 2020 மார்ச்சில் இத்தண்டத்தைக் கைவிட்டது. கனரா பாங்கி 2025 ஜூனிலும், இந்தியன் பாங்கி 2025 ஜூலையிலும் அவ்வழி வந்தன. எனினும் எல்லா பாங்கிகளும் வந்துவிடவில்லை. தண்டம் விதிக்கும் பாங்கிகளும் சில வரம்புகளுக்கு உட்பட்டவை. ரிசர்வ் பாங்கி 2014 நவம்பரில் வகுத்து, 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பிற்கு வந்த விதிப்படி, இருப்புக் குறைந்தால் முதலில் வாடிக்கைக்காரருக்கு அறிவிக்க வேண்டும். அதனைச் சரிசெய்ய ஒரு மாத காலத்திற்குக் குறையாமல் தவணை தரவேண்டும். தண்டம் குறைந்துள்ள தொகைக்கு ஏற்ற அளவில் அமைய வேண்டும். இத்தண்டத்தின் காரணமாகவே கணக்கு சுழியத்திற்குக் கீழே போகக்கூடாது. இரண்டாண்டு வரவுசெலவின்றிக் கிடந்து இயக்கமற்றதாகிவிட்ட கணக்கில் இத்தண்டம் விதிக்கலாகாது என்பதும் 2024 ஏப்ரல் முதல் விதியாகியுள்ளது.

பெரும்பாலான பாங்கிகள் பார்ப்பது மாதச் சராசரி இருப்பையே என்பதையும் அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம். 30 நாட்களின் இருப்பையும் கூட்டி 30ஆல் வகுத்து வருவது சராசரி. சராசரி 1,000 ரூபாய் வேண்டுமென்றால் மாதம் முழுவதும் 1,000 ரூபாயை முடக்கி வைக்க வேண்டுவதில்லை. 6,000 ரூபாய் 5 நாட்கள் கணக்கில் இருந்து, ஏனைய நாட்களில் ஒன்றுமே இல்லாவிடினும் சராசரி 1,000 ரூபாயாகிவிடும். கூலி விழுந்த அன்றே முழுவதையும் எடுத்துவிடும் வழக்கமே நம்மவரைத் தண்டத்திற்கு ஆளாக்குகிறது.

முப்பத்திரண்டு காசு

இனி மிகைப்பற்றைப் பற்றிக் கூறுவோம். ஓவர்டிராப்ட் என்று பாங்கியார் கூறும் இவ்வசதி, கணக்கில் உள்ளதற்கு மேலும் ஒரு வரம்பு வரை எடுத்துக்கொள்ள உரிமை தருவது. எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டுமே வட்டி. மேலே கண்ட நெசவாளருக்கு 1,000 ரூபாய் வரை இவ்வசதி இருந்திருக்குமாயின், 240 ரூபாய் குறைவு அன்றே நிரம்பியிருக்கும், தவணை திரும்பியிருக்காது. வட்டி ஆண்டுக்கு 100க்கு 12 என்று கொண்டால், 240 ரூபாய்க்கு நான்கு நாட்களின் வட்டி 32 காசு.

ஒரு புறம் 1,711 ரூபாய். மறு புறம் 32 காசு. ஏழைக்கும் வசதியுள்ளவருக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகக் கூற இயலாது. கடைவீதியில் ஜவுளி வணிகம் செய்பவர் காசுக்கடன் கணக்கு வைத்திருக்கிறார். அவருக்கும் நாள் தவறுவதுண்டு. அந்நாட்களுக்கு அவர் காசுக்கணக்கில் வட்டி கொடுத்துத் தப்பிவிடுகிறார். அவருக்குத் துணி நெய்து தருபவரோ நூற்றுக்கணக்கில் தண்டம் செலுத்துகிறார்.

நம்மவருக்கு இவ்வசதி அறவே இல்லையென்று கூறுவதற்கில்லை. 2014 ஆகஸ்ட் 28ஆம் தேதி தொடங்கிய ஜன்தன் திட்டத்தில், ஆறு மாதம் முறையாக நடத்தப்பட்ட கணக்கிற்கு மிகைப்பற்று வசதி உண்டு. முதலில் 5,000 ரூபாயாக இருந்த வரம்பு 2018இல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதில் 2,000 ரூபாய் வரை நிபந்தனையின்றி அளிக்கப்படலாம். குடும்பத்தில் ஒருவருக்கு, அதிலும் மகளிருக்கு முன்னுரிமை தரப்படுகிறது. எனினும் நாம் சென்று வரும் சங்கங்களில் இதனைக் கேட்டுப் பெற்றவர் மிகச் சிலரே. கேட்காமல் தரும் வழக்கம் பாங்கிகளுக்கு இல்லை; கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை.

ஓர் எச்சரிக்கையும் இங்கு அவசியம். மிகைப்பற்று வருமானமன்று. வாய்க்காலைக் கடக்க இட்ட பலகை அது; அதன்மேல் வீடு கட்டலாகாது. வரம்பின் எல்லையிலேயே ஆண்டு முழுவதும் நிற்கும் கணக்கு, அவசர நாளில் உதவாது. மாதத்தில் ஒரு நாளாயினும் கணக்கு வரவுப் பக்கத்திற்குத் திரும்ப வேண்டும்.

விவசாயிகளின் நிலை

விவசாயப் பெருமக்களுக்கு 1998இல் வந்த கிசான் கடன் அட்டையும் தன்மையில் இத்தகையதே. தேவைப்படும்போது எடுத்து, கையில் வந்தபோது கட்டி, மீண்டும் எடுத்துக்கொள்ளும் சுழற்கணக்கு அது. நம்மவரோ பெரும்பாலும் முழுத்தொகையையும் ஒரே நாளில் எடுத்து வந்து, பயன்படாத பணத்திற்கும் வட்டி கொடுக்கின்றனர். விதைக்கு வேண்டியதை விதைக்கும் நாளிலும், களை எடுப்பதற்கு வேண்டியதைக் களை எடுக்கும் நாளிலும் எடுத்தால் வட்டி பெரிதும் குறையும்.

நாள் தவறுவதன் தண்டம் இங்கும் கடுமையானது. 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு 100க்கு 7 வட்டி. உரிய நாளில் செலுத்துவோருக்கு அதில் 3 கழிவு. 2025-26ஆம் ஆண்டிலும் தொடர்ந்த ஏற்பாடு இது. நம் மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களிலோ உரிய நாளில் செலுத்துவோருக்கு வட்டியே இல்லை. ஆகவே ஓராண்டுக்கு 50,000 ரூபாய் கடன் பெற்றவர் கெடுநாளைத் தவறவிட்டால், பாங்கியில் 1,500 ரூபாயையும், சங்கத்தில் 3,500 ரூபாயையும் இழக்க நேரிடும். கரும்பு விவசாயியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கரும்பு ஒப்படைத்த 14 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்று 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை கூறுகிறது. ஆலைப்பணம் தாமதித்து வந்த பருவங்கள் பலவற்றை நம் விவசாயிகள் அறிவர். ஆலையின் தாமதத்தை எந்தக் கடன் கணக்கும் ஒரு காரணமாக ஏற்பதில்லை.

நம் சங்கங்களின் பொறுப்பு

இதுவரை பாங்கிகளைப் பற்றிக் கூறினோம். பிறர் குறையைக் கூறித் தம் குறையை மறைப்பது கூட்டுறவாளருக்கு அழகன்று. ஆதலின் இனிக் கூறப்போவது சற்றுக் கசப்பாயினும் கூறியே ஆகவேண்டும்.

2ஆம் தேதி ஒப்படைத்த சேலைக்குரிய கூலி 9ஆம் தேதி வரை ஏன் வரவில்லை என்று நாம் சங்கத்தின் ஏடுகளைப் பார்த்தோம். சங்கம் மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்கியில் காசுக்கடன் பெற்று நடத்துவது. கிடங்கிலுள்ள நூல், துணி ஆகியவற்றின் இருப்புப் பட்டியலை மாதந்தோறும் அனுப்பினால்தான் அதற்கேற்பப் பணம் எடுக்க இயலும். அம்மாதப் பட்டியல் உரிய நாளில் தயாராகவில்லை. 8ஆம் தேதி அனுப்பப்பட்டது. 9ஆம் தேதி பணம் எடுக்கப்பட்டது. ஒரு தாள் ஒரு வாரம் மேசையில் கிடந்தமையால் ஓர் அங்கத்தினரின் வீட்டில் 1,711 ரூபாய் குறைந்தது. அச்சங்கத்தில் அன்று கூலிக்குக் காத்திருந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர்.

சரக்கு தேங்குவதும், விற்ற சரக்கின் பணம் வந்து சேரத் தாமதமாவதும் சங்கங்களின் கையில் முழுவதும் இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விற்கும் துணியை ஆண்டு முழுவதும் நெய்து வைக்க வேண்டிய தொழில் இது. ஆயினும் இருப்புப் பட்டியல் நம் கையில் உள்ளது. கூலி நாள் நம் கையில் உள்ளது. அவற்றையேனும் ஒழுங்கு செய்யாமல் பாங்கியாரைக் குறை கூறும் தகுதி நமக்கு வராது.

நம் இயக்கம் எதற்காகத் தோன்றியது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அந்த ஆண்டிலேயே திரூரில் விவசாயிகளின் சங்கமும், பெரிய காஞ்சிபுரத்தில் நகரச் சங்கமும் பதிவாயின. சிறு தொகை, குறுகிய காலம், நியாயமான வட்டி. இம்மூன்றையும் பெரிய பாங்கிகள் தர முன்வராமையாலேயே அவை எழுந்தன. நூற்றிருபது ஆண்டுகள் கடந்த பின்னும் 240 ரூபாயை நான்கு நாட்களுக்குத் தர நம்மிடம் வழியில்லையென்றால், நாம் மூலக் கடமையில் தவறியவர்களாவோம்.

ஆகவே நெசவாளர் சங்கங்கள் ஒவ்வொன்றும் சிறு கூலி முன்பண ஏற்பாடு ஒன்றை மேற்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. முன்பணம் என்றதும் நிர்வாகக் குழுவினர் அஞ்சுவது நமக்குத் தெரியும். பழைய முன்பணங்கள் வாராக்கடனாகப் பேரேட்டில் பல்லாண்டு கிடப்பதை ஆய்வாளர் அறியாமலில்லை. ஆனால் நாம் கூறுவது நெய்யப்போகும் துணிக்கன்று. நெய்து, தரம் பார்த்து, கிடங்கில் ஏற்றுக்கொண்ட துணிக்கு. அதன் கூலியில் பாதிக்கு மேற்படாமல், அன்றே கொடுத்து, பட்டியல் போடும்போது கழித்துக்கொள்ளலாம். இது கடனன்று, உழைத்தவருடைய பணத்தை உரிய நேரத்தில் கொடுப்பதே. இதற்குத் துணைவிதியில் இடமில்லையெனில், பேரவையில் திருத்தம் நிறைவேற்றி, 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

முதலாவது, குறைந்தபட்ச இருப்பு வேண்டும் கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தருமாறு கிளைக்கு எழுதிக் கொடுங்கள். ரிசர்வ் பாங்கி 2012 ஆகஸ்டில் வகுத்த இக்கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை. பணம் போடவும், மாதம் நான்கு முறை எடுக்கவும், ஏ.டி.எம். அட்டைக்கும் கட்டணம் இல்லை. அதே பாங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கலாகாது என்பது நிபந்தனை.

இரண்டாவது, உங்கள் தவணை நாளைக் கூலி நாளுக்குப் பின்னதாக மாற்றித் தருமாறு கடன் கொடுத்த நிறுவனத்தைக் கேளுங்கள். புதுக் கடன் வாங்குவோர் கையெழுத்திடும் முன்னரே கேட்பது எளிது. 5ஆம் தேதியை 15ஆம் தேதியாக்க ஒரு கையெழுத்துப் போதும்.

மூன்றாவது, தவணை திரும்பிவிடின் அதனை அலட்சியம் செய்யாதீர்கள். 2007ஆம் ஆண்டுப் பணம் செலுத்தல் சட்டத்தின் 25ஆம் பிரிவு, போதிய பணமின்றித் தவணை திரும்புவதைக் காசோலை திரும்புவதற்கு ஒப்பாகக் கருதுகிறது. அறிவிப்பு வந்தால் உடனே பதில் நடவடிக்கை எடுக்க வேண்டும். அதே சமயம், கடன் கொடுத்தவர் விதித்த தண்டத்தின்மேல் மீண்டும் வட்டி கணக்கிடலாகாது என்று ரிசர்வ் பாங்கி 2023 ஆகஸ்டில் விதித்திருப்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

நான்காவது, முறையற்ற பிடித்தம் கண்டால் கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்குக் கையொப்பம் வாங்குங்கள். 30 நாட்களில் பதில் இல்லையெனினும், வந்த பதில் நிறைவளிக்கவில்லையெனினும், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். எழுதத் தயங்குவோருக்குச் சங்கக் காரியதரிசி எழுதிக் கொடுப்பது அவர் கடமையின் பகுதியே என்று நாம் கருதுகிறோம்.

பணம் இல்லாதவரிடம் பணம் தண்டுவது எவ்வூர் நியாயம் என்று கேட்ட அந்நண்பருக்கு, அன்று கூறாத விடையை இன்று கூறுகிறோம். அது எவ்வூர் நியாயமும் அன்று. பாங்கியின் விதியை மாற்ற நாளாகலாம்; அதற்காகக் குரல் கொடுத்துக்கொண்டே இருப்போம். சங்கத்தின் கூலி நாளை மாற்ற அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டமே போதும். அங்கத்தினர்கள் அக்கூட்டத்திற்கு முன் இக்கோரிக்கையை எழுத்தில் கொடுப்பார்களாக. நிர்வாகிகள் அதனை முதற்பொருளாக எடுத்துக்கொள்வார்களாக.